படுக்கையோரம் குடிபோன கதை

இந்தப் பெட்டியக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா சாய்ச்சு வச்சுக்கிருங்கம்மா, எனக்குக் கால நீட்ட முடியல. ஆங், போதும். காத்து மெத்தைதானே? பெட்டியப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. இதுல பெருசாப் போட்டிருக்கு பாருங்க, தமயந்தி சர்ஜிகல்ஸ்னு, அந்தத் தமயந்தி நான்தான். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். கடை என் தம்பியோடது. பேரு மட்டும் என்னது.

யாருக்கு மெத்தை? மாமனாருக்கா. வாதமா. எந்தப் பக்கம் விழுந்துச்சு? வலது பக்கமா. பேச்சு? கொஞ்சங் கொஞ்சம் வருதா, சரி, வந்துரும். நீங்க ஆண்டிபட்டி வரைக்கும் போறீங்க. நான் உசிலம்பட்டியில இறங்கிருவேன். அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல வேண்டாம்னுதான் ஆரப்பாளையத்துல ஏறினதுலருந்து அங்கிட்டுத் திரும்பி உக்காந்திருந்தேன். நாகமலை தாண்டினதுக்கப்புறம் முடியல.

மெத்தை நல்ல மெத்தைதான், குத்தம் சொல்லல. ஆனா மெத்தையப் போட்டாச்சு, இனி அவரு பாட்டுக்குப் படுத்திருக்கட்டும்னு விட்டுறக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். மெத்தை இருந்தாலும் திருப்பணும், இல்லாட்டியும் திருப்பணும். இத மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு நான் வந்திருக்கலாம். ஆனா கடையில ஒண்ணு சொல்லியிருப்பாங்க, பஸ்ஸுல வந்தவ ஒண்ணு சொல்றா, எத நம்புறதுன்னு உங்களுக்கு இருக்குமில்ல. அதுக்காகத்தான் மிச்சத்தையும் சொல்றேன்.

நான் நர்சா இருந்தவ. எங்க மாமியார் விழுந்ததும் வேலைய விட்டுட்டேன். ஆஸ்பத்திரியில ஒரு பேஷண்டுக்கு நாங்க மூணு பேரு மாத்தி மாத்தி வருவோம். வீட்டுல நான் ஒருத்திதான். துணிய எப்படி மாத்துறது, சாய்ச்சு வச்சு எப்படிச் சோறு ஊட்டுறது, மோண்டுட்டேன்னு அவங்க வெக்கப்பட்டு அழும்போது என்ன பேசுறது, இதெல்லாம் எனக்குமே புதுசாத்தான் இருந்துச்சு. தெரிஞ்சவங்க வீட்டுல யாராச்சும் விழுந்துட்டா எனக்குப் போன் பண்ணிக் கேப்பாங்க. மாறன்தான், என் தம்பி திருமாறன், அவன்தான் சொன்னான், எல்லாருக்கும் தனித்தனியா எதுக்குக்கா சொல்ற, எழுதிப் போட்டுரு, தேவைப்பட்டவங்க தேடிப் படிச்சுக்குவாங்கன்னு. அவனே உக்காந்து இன்டர்நெட்டுல எனக்கு ஒரு பக்கம் உண்டாக்கிக் குடுத்தான். படுக்கையோரம்னு பேரு வச்சேன். பாஸ்வேர்டெல்லாம் அவன்கிட்டதான். எனக்கு எழுதிப் போடத் தெரியும், கேள்விக்குப் பதில் போடத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

கேள்வியா வரும் பாருங்க. துபாயிலருந்து ஒரு பையன், வேலைக்கு வச்சிருக்கற அம்மா எங்கம்மாவுக்கு நகம் வெட்டி விடப் பயப்படுறாங்க, எப்படிச் சொல்லிக் குடுக்கன்னு கேப்பான். ஒரு பொண்ணு, அப்பா சோறு ஊட்டும்போதெல்லாம் அழுறாரு, ஊட்டுறத நிறுத்தணுமா, இல்ல அழ விட்டுட்டு ஊட்டணுமான்னு கேப்பா. இதுக்கெல்லாம் எந்த டாக்டர்கிட்ட போயி நிக்கிறது, சொல்லுங்க. அடுப்புல ஒலை கொதிக்கும்போது நான் நின்னுக்கிட்டே போன்ல பதில் போட்டுருவேன்.

அப்படி வந்தவருதான் காசிமாயன் அண்ணன். உசிலம்பட்டிக்காரரு. காய்கறிக் கமிஷன் கடை வச்சிருந்தாரு, சம்சாரம் அன்னக்கொடி விழுந்ததும் கடைய மகன்கிட்ட விட்டுட்டு வீட்டோட உக்காந்துட்டாரு. ஆம்பள, அத்தனையும் தன் கையாலயே செஞ்சாரு. போன்ல வாயால சொல்லித்தான் எழுதுவாரு, புள்ளி கிள்ளி ஒண்ணும் இருக்காது, ஒரே ஓட்டமா ஓடும். கேள்வின்னு இல்ல, சேதியும் சொல்லுவாரு. இன்னிக்குத் திருப்பிப் படுக்க வச்சப்ப சிரிச்சாம்மான்னு ஒரு நாள் எழுதியிருந்தாரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட அத வாசிச்சுக் காட்டினேன். ஆளையே பாத்ததில்ல, ஆனா எங்க வீட்டுல அவரு பேரு எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் மாறன் கடை போட்டான். கட்டில், சக்கர நாற்காலி, மெத்தை, எல்லாம் இந்த மாதிரி வீட்டோட கெடக்கறவங்களுக்கு. என் பேரையே வச்சான். எங்கம்மா போனப்ப அவன் மூணாப்புதான், நான்தான் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது. அந்தப் பாசம். கடைக்குன்னு அவனும் இன்டர்நெட்டுல ஒரு பக்கம் வச்சான். நீ எழுதினதையெல்லாம் அதுலயும் போட்டுக்கவாக்கான்னு கேட்டான். போட்டுக்கோடான்னேன். நல்ல விஷயம், நாலு இடத்துல இருக்கட்டுமேன்னுதான் நெனச்சேன்.

போட்டதுக்கப்புறம் வந்து மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தான். என்னடான்னா, ஒரே எழுத்து ரெண்டு எடத்துல இருந்தா கூகுள் ஒண்ணைத்தான் காட்டுமாம். பழசு எதுவோ, நாலு பேரு வந்து போறது எதுவோ அதத்தான் அசல்னு எடுத்துக்குமாம். ஆக, யாரு என்ன தேடினாலும் என் பக்கந்தான் முன்னால வருது, அவன் கடை எங்கயோ கெடக்கு. எனக்குச் சங்கடமா இருந்துச்சு. தம்பி கடைக்கு நானே குறுக்க நிக்கிற மாதிரி. அதுக்கு என்னடா பண்ணணும்னு நான்தான் கேட்டேன். நானாத்தான் கேட்டேன்மா, அவன் கேக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு, அக்கா, உன் பக்கத்த வேற எடத்துக்கு மாத்துறேன், வீடு மாத்துற மாதிரிதான், பழைய வாசல்ல வந்து நிக்கறவங்க தானா புது வீட்டுக்குப் போயிருவாங்க, ஒண்ணும் தொலையாதுன்னான். சரின்னேன். எந்த வீட்டுக்குடான்னு கேக்கல. அதக் கேட்டிருக்கணும்.

அதுக்கப்புறம் ஒரு கேள்வியும் வரல. ஒண்ணுகூட வரல. போனத் திறந்து பாப்பேன், கடையோட பக்கந்தான் வரும், அதுல என் எழுத்து இருக்கும், கீழ கேள்வி போடுற எடம் மட்டும் இருக்காது. மாறன்கிட்ட கேட்டேன். பாத்துப் போட்டுத் தாரேன்னான். எனக்கோ, கடைசியா எழுதினதுல ஏதோ தப்பா எழுதிட்டோம், ஜனங்க கோவிச்சுக்கிட்டு விட்டுட்டாங்கன்னு ஒரு எண்ணம். கடைசியா எழுதினது மலச்சிக்கலப் பத்தி. கொஞ்சம் விரிவாவே எழுதிட்டேன். அதுல முகஞ்சுளிச்சிருப்பாங்களோன்னு அத எடுத்து எடுத்துப் படிப்பேன்.

இன்னொண்ணும் சொல்லிருறேன். அந்தச் சமயத்துல மாமியாரும் போய்ச் சேந்துட்டாங்க. ஒடம்பு அசந்து போச்சு எனக்கு. கேள்வி வரலைங்கறது ஒரு பக்கம் வருத்தமா இருந்தாலும், இன்னொரு பக்கம் அப்பாடான்னும் இருந்துச்சு. அதனாலதான் மாறன மறுபடி நெருக்கிக் கேக்கல. இது எனக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப உங்களுக்கும்.

தை மாசம் பொங்கலெல்லாம் முடிஞ்சு ஒரு நாள், வாசல்ல வெள்ளைச் சட்டையோட ஒரு பெரியவரு வந்து நின்னாரு. தமயந்தி அம்மா வீடு இதானான்னாரு. குரலக் கேட்டதில்லையே, யாருன்னு எனக்குத் தெரியல. காசிமாயன்னு சொன்னதும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். கடைக்குப் போயி என்னக் கேட்டிருக்காரு, மாறன் இல்ல, கடைப் பையன் எங்க வீட்டு விலாசத்தக் குடுத்துட்டான். ஏன்மா பதிலே போடுறதில்லைன்னு கோவிக்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சு, நான் மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சுட்டேன். அவரு எதுக்கும்மா மன்னிப்பு, நீங்கதான் பதில் போட்டீங்களேன்னாரு.

கடைப் பக்கத்துல போன் நம்பர் இருந்துச்சா, அதுக்கு அவரு கேள்வி அனுப்பியிருக்காரு. பதில் வந்திருக்கு. கீழ தமயந்தின்னு போட்டிருக்கு. கடைப் பேருதான் போட்டிருக்காங்க, ஆனா அவருக்கு அது நான். பதில்ல மெத்தை வாங்கச் சொல்லியிருந்துச்சு, வாங்கிட்டாரு. பக்கத்த எடுத்து மறுபடி படிச்சிருக்காரு, அதுலயும் அப்படியே இருந்திருக்கு. எதுலண்ணேன்னு கேட்டா போன நீட்டுறாரு.

நான் எழுதினது என்ன தெரியுமா? மெத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பியே ஆக வேண்டும்னு எழுதியிருந்தேன். அந்த எடத்துல, தரமான காற்று மெத்தை இருந்தால் அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கத் தேவையில்லைன்னு இருக்கு. மத்தது எல்லாம் என் எழுத்து. முன்னாடி வரி என்னது, பின்னாடி வரி என்னது. நடுவுல இது.

அவரு சொன்னாரு: "நீங்க மெத்தை போதும்னு எழுதியிருந்தீங்கள்லம்மா, அன்னையிலருந்து ராத்திரி திருப்புறத விட்டுட்டேன். எனக்கும் தூக்கம் வேணும்ல. இப்ப இடுப்புக்குக் கீழ குழி விழுந்துருச்சு, பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். மெத்தையில நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கேக்கறதுக்கு வந்திருக்காரும்மா, சண்டை போட இல்ல.

அந்த வரிய நான் எழுதலைன்னு சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்து என்ன கேப்பாரு, அப்ப யாரு எழுதினதுன்னு கேப்பாரு. எனக்கு அந்த நேரத்துல மாறன் மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. அன்னக்கொடி மூஞ்சி தெரியல, நான் அதுவரைக்கும் பாத்ததே இல்லையே அவங்கள. "நான் எழுதினதுதாண்ணே"ன்னுட்டேன்.

திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு யோசிச்சுட்டு, "நீங்க எழுதினா சரியாத்தாம்மா இருக்கும், நாந்தான் காத்து அளவு தெரியாம வச்சுட்டேன்"னு சொல்லிட்டுக் காப்பியக் குடிச்சாரு. என் பொய்யத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு போனதும் நேரா கடைக்குப் போனேன். மாறன் ஒண்ணையும் மறைக்கல, அதச் சொல்லணும். எல்லாத்தையும் சொன்னான். ரெண்டு பக்கம் ஒண்ணுபோல இருந்தா எது அசல், எது நகல்னு நாமளே எழுதி வைக்கலாமாம். படிக்கறவங்க கண்ணுக்குத் தெரியாது, தேடித் தர்ற எந்திரத்துக்கு மட்டும் தெரியுமாம். மொதல்ல என் பக்கத்துக்குள்ள போயி, இது நகல், அசல் கடையில இருக்குன்னு எழுதி வச்சிருக்கான். அதுலயும் கூட்டம் சரியா வரலைன்னதும், என் பக்கம் மொத்தமும் நிரந்தரமாக் கடைக்குக் குடிபோயிருச்சுன்னு எழுதி வச்சுட்டான். என் வாசலுக்கு வர்றவங்கள எல்லாம் இழுத்துட்டுப் போயி அவன் கடை வாசல்ல விட்டுரும். "உன் எழுத்துல எதையும் அழிக்கலக்கா, ஒரு வரியத்தான் மாத்தினேன்"னான். அந்த ஒரு வரிதானேடான்னேன். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்னா அப்புறம் யாருக்கா மெத்தை வாங்குவா"ன்னு கேட்டான். கேட்டுட்டு அழுதுட்டான். சின்னப் பிள்ளையில அழுவானே, மூக்க உறிஞ்சிக்கிட்டு, அப்படியேதான்.

நான் என்ன பண்ணினேன்னா, கண்ணத் தொடச்சு விட்டேன். ஒரு பொம்பள ஆஸ்பத்திரியில இடுப்புல குழியோட கெடக்கறா, நான் இவன் கண்ணத் தொடச்சு விட்டுக்கிட்டு நிக்கிறேன்.

என் பக்கத்த என் எடத்துக்கே திருப்பிக் குடுடான்னேன். அது உடனே ஆகாதுக்கா, இப்ப மறுபடி மாத்தினா கூகுள் கொழம்பிரும், ரெண்டும் கெட்டுப் போகும், வரிய மட்டும் மாத்திருறேன்னான். மறு வாரம் கேட்டேன், மாத்திட்டேன், ஆனா அது எல்லாருக்கும் புதுசாத் தெரிய நாளாகும், பழசத்தான் கொஞ்ச நாள் காட்டிக்கிட்டிருக்கும்னான். அவனுக்குத் தெரிஞ்ச தொழிலு, சரின்னுட்டேன்.

சும்மா இருக்க மனசு கேக்கல. புதுசா ஒரு பக்கம் நானே உண்டாக்கினேன், எங்க மக சொல்லச் சொல்ல. என் எழுத்தையெல்லாம் திரும்பப் போட்டேன். தேடினா வரவே இல்ல. மக பாத்துட்டுச் சொன்னா, அம்மா, மாமா கடையில இருக்கறதத்தான் அசல்னு அது எடுத்து வச்சிருக்கு, நீ போட்டது அதப் பாத்துக் காப்பியடிச்சதுன்னு தள்ளிருச்சு, வேணும்னா வேற மாதிரி எழுதுங்கறா. வேற மாதிரி எப்படிம்மா எழுதுறது? ஒரு ஆளத் திருப்பிப் படுக்க வைக்கணும்ங்கறத எத்தன விதமாச் சொல்ல முடியும்? ரெண்டு மூணு தடவை எழுதிப் பாத்துட்டு விட்டுட்டேன்.

இந்தா, கருமாத்தூர் வந்துருச்சு. 

அன்னக்கொடி மதினிய வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. புண்ணு தொடச்சுக் கட்டுறதுக்கு ஆள் வேணும்ல. நான் வாரேண்ணேன்னேன். வாரத்துக்கு ரெண்டு தடவை போய்ட்டு வாரேன். குழி ஆழம், ஆனா அடியிலருந்து சிவப்பா சதை ஏறிக்கிட்டு வருது, ஆறிரும்னுதான் நெனைக்கிறேன். மதினி நல்லா இருக்கற கையால என் கையப் புடிச்சா விட மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்கள எல்லாம் அண்ணன் கூப்பிட்டுக் காட்டுறாரு, இவங்கதான் மதுரை அம்மா, நமக்காக பஸ் ஏறி வாராங்கன்னு. நான் தலையக் குனிஞ்சு கட்டுத் துணியப் பிரிச்சுக்கிட்டே இருப்பேன்.

அதவிட, ஒவ்வொரு தடவையும் அந்த மெத்தையோட பம்பத் தொட்டுக் காட்டி, இப்ப காத்து சரியா இருக்காம்மான்னு கேக்கறாரு. இன்னும் காத்துலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. இப்ப நேரத்துக்குத் திருப்புறாரு, நான்தான் புண்ணு ஆறுற வரைக்கும் திருப்புங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆறுற வரைக்கும்னு ஒரு வார்த்தையச் சேத்தேன் பாருங்க. அந்த வரி பொய்யின்னு ஆகிரக் கூடாதுன்னு.

மாறன் கெட்டவன் இல்லம்மா. நீங்க கடைக்குப் போன் போட்டு ஒண்ணும் கேட்டுறாதீங்க. இப்பத்தான் எல்லாத்தையும் மாத்திட்டானே.

என்ன? திருப்ப வேண்டாம்னு யாரு சொன்னது? கடைப் பொண்ணு சொல்லியிருப்பா, அதுக்கு என்ன தெரியும். இல்லையா? கண்ணாடி போட்டு, ஒல்லியா, நெத்தியில தழும்போடவா. அவரே பெட்டியக் கட்டிக் குடுத்தாரா. இன்னிக்குக் காலையிலயா. திருப்ப வேண்டிய வேலையே இல்லன்னா சொன்னான்?

தழும்பு, ஊஞ்சல்லருந்து விழுந்தது. நான் ஆட்டி விட்டப்ப.

இல்ல, தண்ணி வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன்.

கூகுளு பழசக் காட்டும்னான். வாயுமா பழசச் சொல்லும்?

சரி, இங்க பாருங்கம்மா, வாலாந்தூர் போயிருச்சு, நேரமில்ல, நல்லாக் கேட்டுக்கிருங்க. மாமனார இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம்னு மாத்தி மாத்திப் போடுங்க. வலது பக்கம் வெளங்காத பக்கம், அதுல கம்மி நேரம் போடுங்க. இழுக்கக் கூடாது, தோலு உரிஞ்சிரும். இடுப்புக்குக் கீழ ஒரு போர்வைய மடிச்சுப் போட்டு, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சுத் தூக்கித் திருப்புங்க. முட்டிக்கு நடுவுல தலகாணி. குதிகால் மெத்தையில படக் கூடாது. திருப்புறப்பல்லாம் இடுப்பு எலும்பு, குதிகால், காது மடல், எல்லாம் பாருங்க. எங்கயாச்சும் செவந்திருந்தா வெரலால அமுக்கிப் பாருங்க, வெளுக்காம அப்படியே செவப்பா இருந்தா அந்தப் பக்கம் படுக்க வைக்காம டாக்டரக் கூப்பிடுங்க. தேய்ச்சு விடாதீங்க. ராத்திரிக்கு நீங்களும் வீட்டுக்காரரும் மொறை வச்சுக்கிருங்க, ஒருத்தரே முழிச்சா ஒரு வாரம் தாங்காது. திருப்பும்போது என்ன செய்யப் போறோம்னு அவர்கிட்டச் சொல்லிட்டுச் செய்யுங்க. பேச்சுத்தான் கொறைஞ்சிருக்கு, காது கேக்கும்.

போனக் குடுங்க, என் நம்பர அடிச்சு வைக்கிறேன். சந்தேகம்னா என்னக் கூப்பிடுங்க. கடைக்கு வேண்டாம்.

இன்னிக்கு அண்ணன்கிட்டச் சொல்லிரணும். ஒவ்வொரு தடவை பஸ் ஏறும்போதும் நெனப்பேன், கட்டுப் போட்டு முடிச்சுட்டுச் சொல்லிரலாம், சாப்பிட்டுட்டுச் சொல்லிரலாம்னு, அப்படியே திரும்ப பஸ் ஏறிருவேன். தம்பி பேரச் சொல்லாம சொல்ல வழி இருக்கான்னுதான் தேடிக்கிட்டே இருந்தேன். வழி இல்ல போல. சொன்னா அவரு கடைக்குப் போவாரு, போலீசுக்குப் போவாரு, போகட்டும். மாறனுக்கு அக்கா செத்துட்டான்னு ஆகும், ஆகட்டும். உங்க மாமனார நான் பாத்தது இல்ல. அன்னக்கொடி மதினியையும் அப்படித்தான் பாக்காம இருந்தேன்.

கண்டக்டர், உசிலம்பட்டி ஒண்ணு இறக்கம்.

எப்பவும் அவரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவாரு என்னக் கூட்டிட்டுப் போக. அந்தா, டீக்கடை ஓரத்துல வெள்ளைச் சட்டை, பாத்தீங்களா? கையில என்ன வச்சிருக்காரு? குடை. மழை எங்க இருக்கு. வெயில்ல நடந்து வாரேன்னு எனக்குக் கொண்டாந்திருக்காரு.

அத அவரு விரிக்கறதுக்குள்ள சொல்லிரணும். கொஞ்சம் வழி விடுங்கம்மா.